இல்லாத எர்த்துக்கு ஒரு கையெழுத்து

அவரை டெஸ்டர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது லைசென்ஸில் பத்திரமாக இருக்கிறது. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, மஞ்சள் பிடி போட்ட டெஸ்டர் கண்டிப்பாக இருக்கும். முப்பத்திரண்டு வருடமாக வயரிங் வேலை. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் மெயின் போர்டை ஒரு பார்வை பார்ப்பார். பார்த்துவிட்டு, "யாரு பார்த்த வேலை இது?" என்று கேட்பார். அந்த யாரோ ஒருவரின் மானம் அந்தத் தொனியிலேயே கப்பலேறிவிடும்.

இந்த முறை பார்க்க வேண்டியிருந்தது அவரே செய்த வேலையை. அக்கா தன் மகனுக்காக மாடியில் இரண்டு அறை கட்டியிருந்தாள். இரண்டு ஏசி, ஒரு வாட்டர் ஹீட்டர். கூடுதல் லோடு கேட்டு கரண்ட் ஆபீசுக்கு எழுதிப் போட்டதற்குப் பதில் வந்துவிட்டது. பழைய மரப் பலகையும் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளும் இன்றைய விதிக்கு ஒத்துவராது, மெயினை முழுதாக மாற்ற வேண்டும், லைசென்ஸ் உள்ளவர் நேரில் பார்த்துத் திட்டம் போட்டுக் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று.

"உன்னை விட்டா வேற யாரைடா கூப்பிடப் போறேன்?" என்றாள் அக்கா.

காலை ஒன்பது மணிக்கே நோட்டோடு வந்துவிட்டார். மனிதர் உற்சாகத்தில் இருந்தார். ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கு எத்தனை, ஃபேன் எத்தனை என்று எண்ணி எழுதினார். மூன்று பேஸ் இணைப்பு வர வேண்டும். வாசலுக்கு உள்ளே, நெஞ்சு உயரத்தில் இரும்புப் பெட்டி. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி பிரேக்கர். எங்காவது கரண்ட் கசிந்தால் கண் இமைப்பதற்குள் தானே விழுகிற சுவிட்ச் ஒன்று. ஸ்கேல் வைத்து வரைந்த கோடுகளைத் தானே இரண்டு முறை ரசித்துப் பார்த்துக்கொண்டார்.

கரண்ட் ஆபீஸ் கொடுத்த படிவத்தில் கடைசிக் கட்டம் ஒன்று மிச்சம் இருந்தது: 'தற்போதுள்ள எர்த் இணைப்பு, அதன் நிலை.'

இயந்திரத்தின் உடம்பில் கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குள் கொண்டுபோய் விடுகிற கம்பி அது. அது இல்லாவிட்டால் தொடுகிறவரின் உடம்புதான் கம்பி. இந்த வீட்டில் எர்த்துக்குக் குழி எங்கே தோண்டினோம் என்று டெஸ்டர் யோசித்தார். ஞாபகம் வரவில்லை. பலகையிலிருந்து கிளம்பிய பச்சைக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனார். அது கூடத்துச் சுவரைத் தாண்டி, குளியலறைக்குள் நுழைந்து, வாஷிங் மிஷினுக்குப் பின்னால் இறங்கியது. மிஷினை நகர்த்தினார். ஒரு சாண் நீளத்துக்குத் துருப்பிடித்த இரும்புக் குழாய்த் துண்டு சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலேயும் கீழேயும் அறுத்திருந்தார்கள். அதன் இடுப்பைக் கவ்வியபடி அவர் அன்று மாட்டிய கிளாம்ப், கிளாம்பில் பச்சைக் கம்பி.

அப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. அக்கா குடிவர அவசரப்பட்டாள். கொத்தனார் பின்பக்கம் முழுக்கச் சிமெண்ட் போட்டு மூடிவிட்டார். குழியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டார். இரும்புக் குழாய் மண்ணுக்குள் போகிறது, போதாதா? அந்தக் காலத்தில் பாதிப்பேர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் பதினோரு வருடத்துக்கு முன் குழாயெல்லாம் துருவேறி ஒழுகியபோது, "பிளாஸ்டிக் போடுங்க, ஆயுசுக்கும் கவலை இல்லை" என்று பிளம்பருக்குப் பக்கத்தில் நின்று யோசனை சொன்னவர் யார்? சாட்சாத் இவரேதான். பிளம்பர் அறுக்க அறுக்க இவர் டீ குடித்துக்கொண்டு நின்றார்.

மிஷினின் உடம்பில் மீட்டரின் ஒரு முனையை வைத்து, மறுமுனையை ஈரத் தரையில் வைத்தார். நூற்றுப்பத்து வோல்ட் காட்டியது. ஒன்றுமே காட்டியிருக்கக் கூடாது.

நான்கு வருடத்துக்கு முன், மிஷின் வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தபோது நடந்தது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அக்கா வீட்டுக்குத் துணி துவைக்க வந்துகொண்டிருந்த வேலைக்கார அம்மா, "மிஷின் கடிக்குதும்மா" என்று சொல்லியிருக்கிறாள். அக்கா இவரை வரவழைத்தாள். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ரப்பர் செருப்போடு குளியலறைக்குள் நுழைந்து, காய்ந்த உள்ளங்கையை மிஷின் மேல் பளாரென்று வைத்து, "என்னைக் கடிக்கலையே? ஆள் பார்த்துக் கடிக்குமா?" என்று சிரித்தார். பையில் இருந்த டெஸ்டரை எடுக்கவே இல்லை. ஊர் வீடுகளிலெல்லாம் குத்திப் பார்க்கிறவருக்குத் தான் போட்ட லைனைக் குத்திப் பார்ப்பது கௌரவக் குறைச்சலாக இருந்தது.

அந்த அம்மா வெறும் காலோடு, நனைந்த கையோடு, ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். இனி மிஷினைத் தொட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வேலை செய்ய உடம்பு வளையாதவள் கதை கட்டுகிறாள் என்று அக்கா அனுப்பிவிட்டாள். அந்தக் கதை தெரு முழுக்கப் போனது. அவள் வேலை பார்த்த மற்ற இரண்டு வீடுகளும் அவளை நிறுத்திவிட்டன.

டெஸ்டருக்குக் காது மடல் சூடேறியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் என்ன செய்தார் என்று சொல்வதற்கு எனக்கே கூசுகிறது. முதலில் மிஷின் பிளக்கைப் பிடுங்கினார், அது சரி. அப்புறம் மிஷினைச் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே தள்ளினார். கூடத்துக்கு வந்து அந்தக் கடைசிக் கட்டத்தில், 'புதிதாக இரண்டு எர்த் குழிகள் அமைக்கப்படும்' என்று எழுதினார். பொய் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. பழைய லைனைக் கழற்றி எறிந்த பிறகு யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். வரைபடத்தைப் பார்த்து வாயெல்லாம் பல்.

"நீ போட்ட லைன்டா. இத்தனை வருஷத்துல ஒரு குறை சொல்ல முடியுமா? அந்தப் பொம்பளைதான் ஒண்ணு கிளப்பினா. நல்லவேளை அன்னைக்கு நீ வந்தே. இல்லைன்னா நான் அவ பேச்சை நம்பியிருப்பேன்."

அவர் டீ டம்ளரைத் தள்ளிவைத்தார்.

"அவ சொன்னது நிஜம்க்கா."

"எது?"

"மிஷின் கடிச்சது. இந்த வீட்டுக்கு எர்த்தே இல்லை. பதினோரு வருஷமா இல்லை. தப்பு என் மேல."

எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவர் தலையைத் தூக்கவில்லை. அக்கா முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

"யாருக்கும் எதுவும் ஆகலையே. புதுசாத்தான் போடப்போறோமே. இதை வெளிய சொல்லிட்டிருக்காதே. அவளைப் பத்தித் தெருவெல்லாம் சொன்னவ நான். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நடமாடுவேன்?"

"நான் பொழைப்புக்கே நாலு வீட்டுல மூஞ்சியைக் காட்டணும்க்கா. அதுக்காக மறைக்க முடியாது," என்றார். எழுதியதை அடித்துவிட்டு அதன் மேலேயே எழுதினார்: 'எர்த் இல்லை. தண்ணீர்க் குழாயில் கட்டப்பட்டு, குழாய் மாற்றியபோது அறுந்தது. கட்டியவர் கீழே கையெழுத்திட்டிருப்பவர்.' கையெழுத்து கோணலாக விழுந்தது.

அந்த அம்மா இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிற வேலையில் இருப்பதாகக் காய்கறிக் கடைக்காரர் சொன்னார். டெஸ்டர் மதியமே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அவரைப் பார்த்ததும் எழுந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அடையாளம் தெரிந்தது. ஆனால் கோபம் இல்லை. அதுவே அவரை இன்னும் கூனிக் குறுக வைத்தது.

"மிஷின்ல கரண்ட் இருந்துதும்மா. இன்னைக்குத்தான் வெச்சுப் பார்த்தேன். நீங்க சொன்னது உண்மை. நான்தான் பார்க்காமலே பேசிட்டேன். அந்தத் தெருவுல நீங்க முன்னே வேலை பார்த்த ரெண்டு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்றேன்."

அவள் வலது கையை விரித்து, யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அப்ப என் கையில கோளாறு இல்லையாண்ணே?"

"என்ன கோளாறு?"

"நீங்க தொட்டுப் பார்த்து ஒண்ணுமில்லைன்னீங்கல்ல. விவரம் தெரிஞ்ச மனுஷன் சொல்றாரே, அப்ப நம்ம கையிலதான் ஏதோ இருக்குன்னு நரம்பு டாக்டர்கிட்ட போனேன். மிஷின் விஷயத்தைச் சொல்லலை. அவரும் சிரிச்சிடுவாரோன்னு பயம். கை சுருக்குசுருக்குன்னு இழுக்குதுன்னு மட்டும் சொன்னேன். அன்னையிலேருந்து தினம் ஒரு மாத்திரை சாப்பிடுறேன். நாலு வருஷம் ஆச்சு."

வேலை போனதும் பெயர் கெட்டதும்தான் தன் பாவக் கணக்கு என்று டெஸ்டர் நினைத்து வந்திருந்தார். தன் கையையே நம்பாதபடி இவளைச் செய்திருக்கிறோம் என்பது அதுவரை அவருக்குத் தெரியாது.

"அந்த மாத்திரையை நிறுத்திடலாமாண்ணே?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. அவர் நிறுத்தச் சொன்னால் இன்றைக்கே நிறுத்திவிடுவாள் என்று அவள் குரலிலேயே தெரிந்தது.

"என்னைக் கேக்காதீங்கம்மா," என்றார். "எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட மிஷின் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்க. வேணும்னா நானும் வரேன், நான்தான் பண்ணினேன்னு அவர்கிட்ட சொல்றேன்."

சரி என்று தலையாட்டினாள். ஆனால் மாத்திரையைப் பற்றி அவரே ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.