டப்பாவுக்கு அடியில் ஓர் உறை

கோர்தோபா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இரும்பை இழுத்து உடைப்பதுதான் டெல்ஃபோர் லூனாவின் வேலை. இருபத்தேழு வருஷமாக அதேதான். விரிசல் வைத்த எஃகுத் துண்டை இரண்டு ஆள் உயர இயந்திரத்தின் வாயில் கவ்வக் கொடுப்பார். எத்தனை டன்னில் படாரென்று போகிறது என்று எழுதிக்கொள்வார். மனுஷன் பொய் சொல்வான், இரும்பு சொல்லாது என்று எப்போதும் ஒரு பெருமை அவருக்கு.

அடுத்த அறையில் கம்ப்யூட்டர்காரர்கள். அதே துண்டு எத்தனை டன்னில் உடையும் என்று திரையிலேயே உடைத்துப் பார்த்துச் சொல்கிறவர்கள். அவர்கள் கணக்கை நம்பலாமா என்று பார்க்க ஒரு வழக்கம் உண்டு. சோதனைக்கு முன்பே எண்ணை உறையில் போட்டு ஒட்டி, இயந்திரத்தின் மேல் இருக்கும் மாத்தே டீத்தூள் இலை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட வேண்டும். உடைத்த பிறகுதான் பிரிக்கலாம். கணக்கு தப்பினால் கம்ப்யூட்டர்காரர்கள் எல்லோருக்கும் பிறை ரொட்டி வாங்க வேண்டும், பொருந்தினால் டெல்ஃபோர். பதினோரு வருஷத்தில் டெல்ஃபோர் வாங்கியது இரண்டே தடவை. ரொட்டிக் கடைக்காரிக்கு அவர் முகமே மறந்துபோயிருக்கும் என்று கேலி செய்வார்கள்.

கணக்குப் போடும் யானினாவோ வரிசையாக இரண்டு முறை ரொட்டி வாங்கியவள். மூன்றாவது முறையும் வாங்கினால் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று துறைத்தலைவர் பெரல்தா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமைச் சோதனைக்காகக் கவ்விகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க, அதே மெல்லிய தகட்டிலிருந்து வெட்டிய உபரித் துண்டு ஒன்றை டெல்ஃபோர் உடைத்தார். அது எப்போதும் செய்வதுதான். எண்ணை மட்டும் யாருக்கும் சொல்லக்கூடாது. அந்நேரம் பார்த்து யானினா வந்து நின்றாள். மூன்று நாள் தூங்காத முகம்.

"எனக்கு ஒம்பதரைதான் வருது, டெல்ஃபோரண்ணே. எவ்வளவு புரட்டிப் பார்த்தாலும் ஒம்பதரைதான்."

டெல்ஃபோர் மாத்தே குவளையில் வெந்நீர் ஊற்றி அவளிடம் நீட்டினார். நீட்டும்போதே வாய் தவறியது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். தவறவில்லை. தெரிந்துதான் சொன்னார்.

"பதினொண்ணே முக்கால்."

அவள் மாத்தேயைக் குடித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தாள். கண் கலங்கியிருந்தது. திங்கட்கிழமை உறையைப் பிரித்தால் பதினொன்று புள்ளி ஏழு. பெரல்தா கைதட்டினார். டெல்ஃபோர் ரொட்டி வாங்கி வந்தார்; தன் பங்கை மட்டும் தாளில் சுற்றி வைத்துவிட்டார்.

எட்டு மாதம் போனது. ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சுடும் அடுப்பருகே மனைவியின் தம்பி அன்செல்மோ சந்தோஷமாக வந்தான். ரயில் பெட்டிப் பட்டறையில் பளுதூக்கி கிரேனுக்குக் கீழே நின்று வேலை செய்கிறவன்.

"மச்சான், உங்க ஆளுங்க வந்து பார்த்தாங்க. எங்க கொக்கியில விரிசல் விட்டிருக்கில்ல, இன்னும் ஒரு வருஷத்துக்குத் தாங்கும்னு கம்ப்யூட்டர் சொல்லிருச்சாம்!"

"யாரு போட்ட கணக்கு?"

"யானினாவாம். பத்து மில்லிமீட்டர் தகட்டுல அச்சு அசலாப் பொருந்துச்சாமே? உங்க கையாலதான் உடைச்சீங்களாம். நீங்க உடைச்சுப் பார்த்ததுன்னா நான் கண்ண மூடிட்டு நம்புவேன் மச்சான்!"

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல டெல்ஃபோர் கரியைக் கிளறினார். மெல்லிய தகட்டின் எண் வரும்படி யானினா திருகி வைத்த கணக்கு, கையகலத் தடிமன் கொக்கிக்கு எப்படிச் சரியாகும்? கனத்த இரும்பில் விரிசல் சீக்கிரம் ஓடும் என்பது அவருக்குத் தெரியாததா? அன்செல்மோ இறைச்சியை மென்றுகொண்டே சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே டெல்ஃபோருக்கு அருவருப்பாக இருந்தது, தன்மேல்.

மறுநாள் காலை வாசலிலேயே யானினாவை மறித்தார்.

"பெரல்தாகிட்டச் சொல்லப்போறேன்."

"என் பேரையும் சேர்த்தா?"

"உன் பேரை விட்டுட்டு எப்படிம்மா சொல்றது?"

"தடி இரும்புக்கு அதை எடுப்பாங்கன்னு நான் நெனைக்கவே இல்லண்ணே. எடுத்தப்பவும் வாய மூடிட்டு இருந்துட்டேன். சொல்லுங்க."

சொன்னார். பெரல்தா முதலில் பட்டறைக்குப் போன் செய்து பளுதூக்கியை நிறுத்தச் சொன்னார், பிறகுதான் கத்தினார். டெல்ஃபோருக்கு எழுத்தில் கண்டனம். வயதையும் சர்வீஸையும் பார்த்து வேலையை விட்டுவைத்தார். யானினாவுக்கு வெள்ளிக்கிழமையோடு கணக்குத் தீர்த்தார். உதவி செய்தவனுக்கு வேலை இருக்கிறது, உதவி வாங்கியவளுக்கு இல்லை. இது என்ன நியாயம் என்று டெல்ஃபோர் வாரம் முழுக்கத் தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் கொக்கியிலிருந்து வெட்டிய தடித்த துண்டை உடைத்தார்கள். டப்பாவுக்கு அடியில் இரண்டு உறைகள். திருகிய கணக்குக்கு ஒன்று. திருகுவதற்கு முந்தைய பழைய கணக்கை அப்படியே ஓட்டி யானினா வைத்த இன்னொன்று.

பத்தொன்பதரை டன்னில் துண்டு உடைந்தது. கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது.

முதல் உறையில் முப்பத்தொன்று. இரண்டாவதில் இருபது.

யாரும் கைதட்டவில்லை. யானினா அந்தத் தாளை மடித்தாள்.

"அன்னைக்கு நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் தோத்திருப்பேன், அவ்வளவுதானேண்ணே. மெல்லிசுக்கு ஆகாது, கனத்ததுக்கு ஆகும்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். என் கணக்கு சரியாத்தான் இருந்திருக்கு, பாருங்க."

குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

கணக்கு பொருந்திவிட்டது. வழக்கப்படி ரொட்டி டெல்ஃபோர்தான் வாங்க வேண்டும். "இரும்மா, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஐம்பத்தெட்டு வயதுக்காரர் மூச்சிரைக்க ஓடினார்.

ஒரு டஜன் பிறை ரொட்டியோடு திரும்பி வந்தபோது அவளுடைய மேஜை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. பேருந்து நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டாளாம். டெல்ஃபோர் பொட்டலத்தைப் பிரிக்காமல் அந்த மேஜைமேல் வைத்துவிட்டு நின்றார். இன்னும் சூடாகத்தான் இருந்தது.