சென்சாரில் போன சீன்

"டிக்கெட் போட்டாச்சுண்ணே. சனிக்கிழமை மேட்னி. நீங்க, நானு, சேகரண்ணன். மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அபுதாபியைத் தாண்டி இருக்கும் ருவைஸிலிருந்து முருகேசன் போனில் இதைச் சொன்னபோது, வராமலிருக்க ஒரு சாக்குத் தேடினேன்.

சினிமாவுக்குக் கூப்பிட்டால் எதற்கய்யா சாக்குத் தேட வேண்டும்? சொல்கிறேன். கொஞ்சம் பழைய கதை.

இப்போதெல்லாம் பழைய படங்களுக்குப் பவுடர் போட்டு மறுபடி ரிலீஸ் செய்கிறார்கள் அல்லவா... அப்படி ஒரு படம். பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஹீரோவின் ரசிகர்கள் இந்தப் பத்தியையும் படிக்கிறார்கள். எனக்கு நிம்மதியான வாழ்க்கை வேண்டும்.

நாங்கள் மூன்று பேரும் ஒரு காலத்தில் தம்மாமில் ஒரே ரூம். நான் புதிதாக வந்திறங்கிய அக்கவுன்டன்ட். முருகேசன் அரியலூர் பக்கத்துப் பையன், கான்ட்ராக்ட் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். சேகரண்ணன் மாயவரத்துக்காரர், ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி சேல்ஸ்மேன், எங்களுக்கெல்லாம் மூத்தவர். இன்னும் சிலரும் உண்டு. கட்டில்மேல் கட்டில் போட்ட ரூம் அது.

அப்போது சவூதியில் தியேட்டரே கிடையாது. படம் பார்க்க வேண்டுமென்றால் கடல்மேல் போட்டிருக்கும் பாலத்தைத் தாண்டி பஹ்ரைன் போக வேண்டும். பாலம் பக்கம்தான். பாஸ்போர்ட்தான் கஃபீலின் பீரோவில் இருக்குமே! நம்மை வேலைக்கு எடுத்த அந்த அரபி முதலாளி மனது வைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் நாட்டை விட்டுப் போய்த் திரும்பி வர முடியும். "முதலாளி, புதுப்படம் வந்திருக்கு" என்று எந்தக் கஃபீலிடம் போய் நிற்பது?

பாலத்தைத் தாண்டும் பாக்கியம் எங்கள் ரூமில் சேகரண்ணனுக்கு மட்டும்தான் இருந்தது. பஹ்ரைன் கடைகளில் ஆர்டர் எடுப்பது அவர் வேலை. வியாழக்கிழமை போவார். வேலை முடிந்ததும் அன்றைக்கு ரிலீஸான புதுப்படத்தைப் பார்ப்பார். ஊரில் வெள்ளிக்கிழமை வரும் படம் வளைகுடாவில் வியாழனே வந்துவிடும், தெரியும்தானே? மறுநாள் வெள்ளிக்கிழமை மதியம், பிரியாணி சாப்பிட்ட கையோடு எங்களுக்குப் படம் சொல்வார்.

கதைச் சுருக்கம் இல்லை. படம்! டைட்டிலில் ஆரம்பித்து வணக்கம் வரை. பெயின்ட் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். ஹீரோ என்ட்ரிக்கு எழுந்து நிற்பார். சண்டைக்குத் தலையணை, பாட்டுக்கு எவர்சில்வர் தட்டு. பாதியில் "இடைவேளை!" என்பார். நாங்கள் நிஜமாகவே எழுந்து போய், பால் விடாத சுலைமானி டீ போட்டுக் குடித்துவிட்டு, அவரவர் இடத்தில் வந்து உட்காருவோம். காமெடிக்கு ஒன்ஸ்மோர் உண்டு. லேட்டாக வந்தவனுக்கு மட்டும் முதலிலிருந்து சொல்ல மாட்டார். "தியேட்டர்ல உனக்காக ரீலத் திருப்பிப் போடுவானாடா?"

அப்புறம் விவாதம். ஹீரோவுக்கு வயசாகிவிட்டது என்பான் ஒருவன். செகண்ட் ஹாஃப் இழுவை என்பான் இன்னொருவன். எடிட்டிங் சரியில்லை என்று முருகேசன் அடித்துச் சொல்வான். நான் கேமராவைப் பாராட்டுவேன். ஒரு முறை இரண்டு ஹீரோக்களின் ரசிகர்களுக்குள் கைகலப்பே ஆகிவிட்டது. இதில் விசேஷம் என்னவென்றால்... ஒருத்தரும் படத்தைப் பார்க்கவில்லை!

இன்றைக்கு என் மகள் யாழினியும் அவள் தோழிகளும் ஷார்ஜாவில் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஹாலிவுட் அரசியல் பேசுகிறார்கள். யாரோ ஒரு நடிகர் ஏதோ பேசிவிட்டாராம், அவர் படத்தைப் பார்க்கவே கூடாதாம். இன்னொரு நடிகைக்கு விருது கொடுத்தது லாபியிங்காம். "படம் பாத்தியாம்மா?" என்று கேட்டால், "ட்ரெய்லர் இஸ் இனஃப்ப்பா" என்கிறாள். பார்க்காத படத்தைக் கிழித்துத் தொங்கவிடுவதைத் தாங்கள்தான் கண்டுபிடித்ததாக இந்தக் குழந்தைகளுக்கு நினைப்பு. நாங்கள் அதில் முன்னோடிகள் தாயே!

அந்த வெள்ளிக்கிழமைகளை நினைத்தால் எனக்கு இன்னமும் ஏக்கமாக இருக்கிறது. இப்போது சாய்ந்து படுத்துக்கொண்டு பார்க்கும் சீட்டெல்லாம் வந்துவிட்டது. ஆனால் அந்த பக்கெட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபோது இருந்த சந்தோஷம் எந்த சீட்டிலும் வரவில்லை. வயசுதான் காரணம் என்கிறாள் மனைவி. இருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முருகேசனின் தங்கை செல்விக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா இல்லாத வீடு, இவன் ஒரே அண்ணன். கஃபீலிடம் லீவு கேட்டான். "மாஃபி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் அவர். வேலை முடியாமல் யாருக்கும் லீவு இல்லை. கெஞ்சிப் பார்த்தான். கூட வேலை செய்யும் சூப்பர்வைசர் பாயை வைத்துப் பேசிப் பார்த்தான். ஊஹூம்.

பையன் சாப்பாட்டைக் குறைத்தான். பேச்சைக் குறைத்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலை பார்த்தால், பையைக் கட்டி வைத்திருந்தான்.

"எங்கடா?"

"போலீஸ்ல போயி நின்னுட்டா ஊருக்கு அனுப்பிருவாங்களாம்ணே."

அப்படி ஒரு குறுக்குவழி உண்டு. கம்பெனியை விட்டு ஓடிவந்துவிட்டேன் என்று தானாகப் போய் மாட்டிக்கொள்வது. பிடித்து உள்ளே வைப்பார்கள். என்றைக்காவது விமானம் ஏற்றுவார்கள். அது கல்யாணத்துக்கு முன்பா பின்பா, யாருக்குத் தெரியும்? அதற்கப்புறம் வளைகுடாப் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது. அந்தக் கல்யாணமே இவன் சம்பளத்தை நம்பித்தான் நடக்கிறது. சொன்னால் காதில் ஏறவில்லை. சாயந்திரம் கிளம்புவதாக இருந்தான்.

அன்றைக்குத்தான் சேகரண்ணன் இந்தப் படத்தைச் சொன்னார்.

இடைவேளைக்கு அப்புறம் ஒரு சீன். ஹீரோ வெளிநாட்டில் மாட்டிக்கொள்கிறான். ஊரில் தங்கை மணவறையில் இருக்கிறாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டான். தங்கை கையைக் காட்டி நிறுத்துகிறாள். "எங்கண்ணன் குரலக் கேட்டப்புறந்தான் கழுத்த நீட்டுவேன்." போனைக் கொண்டுவந்து அவள் காதில் வைக்கிறார்கள். கடல் தாண்டி ஒரு போன் பூத்தில் ஹீரோ நிற்கிறான். கெட்டிமேளம் போன் வழியாகக் கேட்கிறது. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அரிசியை அள்ளி அந்தப் பூத்துக்குள்ளேயே தூவுகிறான்...

சேகரண்ணன் நிஜமாகவே அரிசியைத் தூவினார். ரூமே அழுதது. முருகேசன் மட்டும் அழவில்லை. எழுந்து போய்ப் பையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டான்.

செல்வியின் கல்யாணம் ஒரு வெள்ளிக்கிழமை முகூர்த்தம். செல்போன் எல்லோர் கையிலும் வராத காலம். காலையில் ரூமே திரண்டு டெலிபோன் கேபினுக்குப் போனோம். லைன் கிடைக்கவில்லை. மறுபடி, மறுபடி... அங்கே மண்டபத்தில், நல்ல நேரம் போகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் முறுக்கிக்கொண்டார்களாம். முருகேசன் அந்த சீனை முன்பே கடிதத்தில் எழுதியிருந்ததால், அண்ணன் குரலைக் கேட்காமல் செல்வி அசையவில்லையாம். மண்டப மேனேஜர் ரூம் போனை, வயரை இழுத்து, வாசல்வரை கொண்டுவந்து வைத்து, மணப்பெண்ணை அங்கே எழுந்து வரச் செய்திருக்கிறார்கள்.

கிடைத்துவிட்டது. "செல்வி..." என்றான். ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். கெட்டிமேளச் சத்தம் கேபினுக்கு வெளியே நின்ற எங்களுக்கும் லேசாகக் கேட்டது. எல்லோர் பையிலும் மஞ்சள் அரிசி இருந்தது, தூவினோம். கேபின் நடத்திய பங்களாதேஷ்காரர், "க்யா ஹை பாய்?" என்று துடைப்பத்தோடு ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் அவரும் ஒரு கை வாங்கித் தூவினார்.

அதிலிருந்து முருகேசனுக்கு உலகத்திலேயே சிறந்த படம் அதுதான்.

காலம் ஓடியது. மூன்று பேரும் ஒவ்வொருவராக சவூதியை விட்டு அமீரகத்துக்கு வந்து சேர்ந்தோம். அந்தப் படத்தை மட்டும் நான் பார்த்ததே இல்லை. சேகரண்ணன் சொன்ன படம் எனக்குப் பார்த்தாகிவிட்ட படம். மறுபடி எதற்கு?

மறுரிலீஸ் செய்தி வந்ததும், ஆசையாக இருந்தது. ஓ.டி.டி.யில் தேடி எடுத்து மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "ஒரு சீன் வரும் பாரு... அழுதுடுவே" என்று பீடிகை வேறு போட்டேன்.

படம் ஓடியது. ஓடியது. முடிந்தும்விட்டது.

"அப்பா, போன் சீன் எங்க?"

அந்தப் படத்தில் ஹீரோவுக்குத் தங்கையே இல்லை! வெளிநாடு வருவது ஒரே ஒரு பாட்டுக்கு. அதிலும் பனியில் உருளுகிறார்கள்.

உடனே சேகரண்ணனுக்குப் போன் போட்டேன். படத்தின் பெயரை மட்டும் சொன்னேன்.

"பாத்துட்டியா?" என்றார்.

"என்னண்ணே இது?"

"பையக் கட்டி வச்சிருந்தான்டா அவன். நான் வேற என்ன பண்றது? வாயில வந்தத சொன்னேன்."

அதோடு விட்டாரா? மனிதர் புலம்ப ஆரம்பித்துவிட்டார். இந்த மாதக் கடைசியில் சேகரண்ணன் வளைகுடாவை முடித்துக்கொண்டு ஊருக்கே போகிறார். அவரை வழியனுப்பத்தான் முருகேசன் இந்த டிக்கெட்டே போட்டு, முதலில் அவரிடம் சொல்லியிருந்தான்; எனக்கு மறுநாள்தான் போன் வந்தது. "இத்தன வருஷம் மறைச்சாச்சு. போற நேரத்துல அவன் மூஞ்சில எப்படிடா முழிப்பேன்? காய்ச்சல்னு சொல்லிடவா?"

காய்ச்சல் என்றால் முருகேசன் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வீட்டுக்கே வந்துவிடுவான். போய்த்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை போனோம். நடுவில் முருகேசன், இரண்டு பக்கமும் நாங்கள். சுற்றிலும் ரசிகர்கள் ஒரே விசில். இடைவேளையில் அவன் பாப்கார்ன் வாங்கிக் கொடுத்தான். சேகரண்ணன் ஒன்றைக்கூட மெல்லவில்லை. செகண்ட் ஹாஃப் முழுக்க நான் திரையைப் பார்க்கவே இல்லை. முருகேசன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பாட்டுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தான். பனியில் உருண்டார்கள். வில்லன் செத்தான். வணக்கம் போட்டார்கள்.

வெளியே வந்தால், ஒரு பெண் மைக்கை நீட்டினாள். ஆன்லைன் சேனலாம். "படம் எப்படி இருக்கு? ஒரே வார்த்தையில சொல்லுங்க அங்கிள்!"

முருகேசன் மைக்கையே கையில் வாங்கிக்கொண்டான்.

"படம் சூப்பர்மா. ஆனா உசுரான சீன வெட்டிட்டாங்க. கல்ஃப் சென்சார்ல போயிருச்சு போலருக்கு."

"அய்யோ, என்ன சீன் அங்கிள்?"

சொன்னான். மணவறையைச் சொன்னான். தங்கை கையைக் காட்டி நிறுத்தியதைச் சொன்னான். பூத்தைச் சொன்னான். கெட்டிமேளத்துக்கு வாயாலேயே நாதஸ்வரம் வாசித்தான். காலிப் பாப்கார்ன் டப்பாவில் மிச்சமிருந்ததை அள்ளித் தூவினான். வெளியே வந்துகொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு அம்மா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதப் போயா கட் பண்ணாங்க?" என்று ஒருத்தர் கொதித்தார். கூட்டத்துக்குப் பின்னால் சேகரண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தப்பித்தோம் என்று நினைத்தேன். சென்சார்மேல் பழியைப் போட்டுவிட்டான். வளைகுடாவில் நாங்கள் எல்லோருமே அப்படித்தானே? படத்தில் எது புரியாவிட்டாலும் சென்சார் கட் என்று சொல்லிவிடுவோம்.

முருகேசனை ருவைஸ் பஸ் ஏற்றிவிடக் காரில் போய்க்கொண்டிருந்தோம். சேகரண்ணனால் தாங்க முடியவில்லை.

"முருகேசா, ஒண்ணு சொல்லணும்டா. அந்த சீனு..."

"தெரியும்ணே," என்றான் அவன் பின் சீட்டிலிருந்து. "மொத லீவுல போனப்பவே நானும் செல்வியும் சிடி போட்டுப் பாத்துட்டோம். செல்வி விழுந்து விழுந்து சிரிச்சுது. அப்புறம் அழுதுது. 'அந்த அண்ணன் நல்லாருக்கணும்'னு சொல்லுச்சு."

சேகரண்ணன் திரும்பி அவனையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "ஏன்டா பாவி, இத்தன வருஷமா ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா, அதுக்கப்புறம் எல்லாப் படத்தையும் உள்ளது உள்ளபடியே சொல்ல ஆரம்பிச்சிருப்பீங்களேண்ணே!"

எனக்கு ரோடே தெரியவில்லை, ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

நேற்று யாழினி அந்தச் சேனல் வீடியோவைக் காட்டினாள். கீழே ஏகப்பட்ட பேர் சென்சாரைத் திட்டியிருக்கிறார்கள். ஒருத்தர் மட்டும், முதல் ரிலீஸிலேயே அந்த சீனைத் தியேட்டரில் கண்ணாரப் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறார்.

அவருக்கு முதல் லைக் நான்தான் போட்டேன்.