வளைகாப்புக்கு வந்த டாக்டர்

கலாவதி டாக்டர் காலமாகிவிட்டார் என்று அவருடைய கம்பவுண்டர் போனில் சொன்னபோது முயல் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடத் தோன்றவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் நாயையோ பூனையையோ தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடியவர்களுக்கு அவருடைய அதட்டல் தெரியும். எங்கள் வீட்டில் அவர் புளிசாதம் சாப்பிட்ட கதை தெரியாது.

அப்போது எங்களிடம் இருந்த முயல் செல்வி, பக்கத்துத் தறி வீட்டுக் கழிவு நூலை இழுத்து வந்து, தன் மயிரையும் பிடுங்கிப் போட்டுக் கூடு கட்டியது. வயிற்றடியில் வீக்கம். சினை என்று நானே அறிவித்தேன். வீட்டில் ஆண் முயல் கிடையாது. மனிதர்கள் விஷயமாக இருந்தால் தெரு முழுக்க விசாரித்திருப்பேன். முயலாயிற்றே என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். என் மனைவி வசந்தா விளையாட்டாக வளைகாப்பு வைத்து, டாக்டரையும் அழைத்தாள்.

புளிசாதம் சாப்பிட்டுக் கை கழுவிய டாக்டர், செல்வியை மடியில் போட்டுத் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“ஏம்பா, ஆம்பள முயல் எங்க?”

“இல்லையே டாக்டர்.”

“அப்போ குட்டி கொரியர்ல வருமா? இது பொய்ச் சினைப்பா. குட்டி இல்லாமயே கூடு கட்டும்.”

“வீக்கம் இருக்குதே டாக்டர், பால் கட்டிக்கினு இருக்குதா?” என்றாள் வசந்தா.

டாக்டர் என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். கல்லாக இருந்தது.

“பால்மடியில கட்டிம்மா.”

எக்ஸ்ரேயில் புற்று நுரையீரல் வரை பரவியிருந்தது. “அறுத்து எடுத்துடுங்க டாக்டர்,” என்று வசந்தா அழுதாள். “அறுத்தா உனக்கு மனசு ஆறும். அதுக்கு வலிதான் மிச்சம்,” என்று மறுத்துவிட்டார். வலி மருந்து கொடுக்க அவரே வீட்டுக்கு வந்தார். செல்வியின் உயிர் அவர் மடியில்தான் அடங்கியது.

“முன்னாடியே பாத்திருந்தா?” என்று கேட்டேன், ஆறுதலை எதிர்பார்த்து.

“எடுத்திருக்கலாம்பா. இல்லன்னு பொய் சொன்னா, அடுத்ததையும் இப்படித்தான் கொண்டாந்து நிப்ப.”

அடுத்த முயலுக்குக் கட்டி வராதிருக்கக் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் அவரே எடுத்துவிட்டார். வாரந்தோறும் தடவிப் பார்க்கச் சொன்னார். தடவும்போதெல்லாம் என் விரலை அவர் பிடித்திருப்பதுபோலவே இருக்கும். அவர் உயிரோடு இருந்தபோதே அப்படி. இப்போது கேட்க வேண்டுமா?

நேற்று அவர் காரியத்துக்குப் போய்வந்து முயலைத் தூக்கினேன். மிளகளவில் ஏதோ தட்டுப்பட்டது. “டாக்டர்!” என்று கூப்பிட்டுவிட்டேன். சமையலறையிலிருந்து வசந்தா எட்டிப் பார்த்தாள். யாரைக் கூப்பிட்டாய் என்று கேட்கவில்லை. முயலை டாக்டரிடம் தூக்கிப்போகும் கூடையை எடுத்து வந்தாள்.

அவர் எனக்கு விட்டுப்போனது ஆறுதல் அல்ல, விரல் நுனியில் ஒரு பயம். அதை நான் வைத்துக்கொள்கிறேன். இதை வேறொரு டாக்டரின் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் எங்களைக் கூப்பிடவில்லை.