குழாய் கழுவினவள் கண்ட வீழ்படிவு

ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவும் நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியும், பிள்ளைகள் தேறினால் பேர் பாடம் நடத்தும் மேடத்துக்கு, கண்ணாடி உடைந்தால் பேர் நமக்கு. என் பிள்ளைகள் இரண்டும் வேலைக்குப் போய்விட்டன. நான் இன்னும் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில்தான்.

மிச்சம்

முதுநகரிலிருந்து ரயிலில் வரும் மாணவி கயல்விழிக்குச் செய்முறைத் தேர்வு அரியர். அதைத் தேறினால்தான் மருந்துக் கம்பெனியில் கிடைத்திருக்கும் வேலையில் சேரமுடியும். அன்றைக்கு உப்புக் கரைசலில் சில்வர் நைட்ரேட்டை விட்டாள். வெள்ளையாக, கரையாத வீழ்படிவு அடியில் இறங்கியது. கரைந்திருப்பதை மட்டும் அயனியாகப் பிரி, சமன்பாட்டின் இரண்டு பக்கமும் மாறாமல் இருப்பதைக் கோடு போட்டு அடி, மிஞ்சுவதுதான் நிகர அயனிச் சமன்பாடு என்று மேடம் சொல்லியிருந்தார். இவள் கீழே படிந்த சில்வர் குளோரைடையும் பிரித்து, ஒன்றுவிடாமல் அடித்துவிட்டாள். நோட்டில் அம்புக்குறி மட்டும் தனியாக நின்றது. மேடம் குழாயைத் தூக்கிப் பார்த்தார். "எல்லாம் போயிடுச்சுன்னா இதுல கெடக்கிறது என்னடி, தயிரா?"

வேண்டுதல்

அடுத்த வாரம் சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் குளோரைடும். கயல் கலக்கிவிட்டுக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கால் மணி நேரமாகியும் ஒன்றும் இறங்கவில்லை. ஏதாவது படியவேண்டும் என்று நான் பக்கத்தில் திருவதிகை ஈசுவரனை வேண்டி முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டும் சேர்ந்தால் எதுவும் படியாது என்று மேடம் வந்து சொன்னதும் கயல் என்னைப் பார்த்தாள். "ஏம்மா, எல்லாத்தையும் அடிக்கவேண்டிய இடத்துல சாமியைப் போய்த் தொந்தரவு பண்ணிட்டீங்களே."

பரீட்சை

பரீட்சைக்கு வெளியூர் எக்ஸாமினர். காய்ச்சி வடித்த நீரில் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விடச் சொன்னார். தெளிவாக இருக்கவேண்டியது, கயலின் குழாயில் பால் கலந்த மாதிரி மங்கியது. வேறு எதையோ ஊற்றிவிட்டாய் என்றார். எனக்குத்தான் காரணம் தெரியும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவின குழாயை வடித்த நீரில் ஒருதரம் அலசவேண்டும். காலை அவசரத்தில் நான் அலசவில்லை. ஈசுவரா என்று முன்னால் போய் ஒத்துக்கொண்டேன்.

அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, அந்த மங்கலுக்கே சமன்பாடு எழுதச் சொன்னார். கயல் சில்வர் அயனி, குளோரைடு அயனி, அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் பிரிக்காத சில்வர் குளோரைடு என்று எழுதி நிறுத்தினாள். உப்பிலிருந்த சோடியம் எங்கே என்றார். அது கரைஞ்சேதான் இருக்கு சார், இதுல அதுக்கு வேலை இல்லை என்றாள். முழு மார்க் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க அலசாம விட்டது நல்ல கேள்விதாம்மா. நாளைக்கு வர்றவங்களுக்கு அலசி வைங்க."

கயல் வேலைக்குப் போய்விட்டாள், நான் இப்போதெல்லாம் குழாய்களை மூன்று தரம் அலசிவிட்டுத்தான் சாமி கும்பிடுகிறேன்.