நன்மை வாங்காதவள்

சித்தி முழங்கால்களை ஒருபக்கமாக ஒதுக்கி வழி விடுவாள். அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். எங்கள் வேதக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையின்போது நற்கருணை அப்பம் கொடுக்கும் நேரம் வந்ததும் பெஞ்சு பெஞ்சாக எல்லோரும் எழுந்து வரிசைக்குப் போவார்கள். எங்கள் பெஞ்சின் ஓரத்தில் இருக்கும் சித்தி மட்டும் எழமாட்டாள். சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நாங்கள் அவளை மிதிக்காமல் வெளியே போக இடம் கொடுப்பாள். திரும்பி வரும்போதும் அப்படியே. எங்கள் வாயில் அப்பம் கரைந்துகொண்டிருக்கும். அவள் பீடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் திண்டுக்கல் பக்கம் நற்கருணை என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. 'நன்மை வாங்கியாச்சா?' என்றுதான் கேட்பார்கள். சித்திக்கு நன்மை கிடையாது. அவள் செய்த தீமை, ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டது. சித்தப்பா சின்னாளப்பட்டிக்காரர், இந்து, மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருடைய முதல் மனைவி கல்யாணமான சில மாதங்களிலேயே வேறொருவரோடு போய்விட்டாள். கோர்ட்டில் முறையாக விவாகரத்து வாங்கிய பிறகுதான் ரிஜிஸ்டர் ஆபீசில் சித்தியைக் கட்டினார். ஆனால் கோர்ட்டு அறுத்துவிட்டதை எங்கள் கோயில் ஏற்றுக்கொள்ளவில்லை. அவரோடு வாழும்வரை நன்மை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சித்தி ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். அங்கே நான் பிறந்தபோது அழாமல், நீலம் பாரித்துக் கிடந்தேனாம். பிழைக்காது என்று டாக்டரே கைவிட்ட நிலையில், சித்தி டம்ளரில் தண்ணீர் பிடித்து என் தலையில் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். சாகக் கிடக்கும் உயிருக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று திருச்சபையே அனுமதித்திருக்கிறது. நான் எப்படியோ பிழைத்துக்கொண்டேன். பிறகு கோயிலுக்குத் தூக்கிப் போனபோது, அப்போது எங்கள் கோயிலுக்குப் பொறுப்பாக இருந்த பங்குச் சாமியார் எண்ணெய் பூசி ஜெபம் சொன்னாரே தவிர, மறுபடி தண்ணீர் ஊற்றவில்லை. ஞானஸ்நானம் வாழ்நாளில் ஒரே முறைதான், உன் தங்கச்சி ஊற்றியதே செல்லும் என்று அம்மாவிடம் சொன்னாராம். அப்போது சித்திக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் முடிந்திருந்தது.

ஞானஸ்நானம் வாசல், நன்மை விருந்து என்று, முதன்முறை நன்மை வாங்கும் முன் நடக்கும் புது நன்மை வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு வாசலைத் திறந்துவிட்டவளைப் பந்தியில் உட்காரவைத்து, பரிமாறுகிறவர் ஒவ்வொரு வாரமும் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்திருந்தால்கூட எனக்கு இத்தனை கசப்பு இருந்திருக்காது. பெண்டாட்டியின் கையை அடித்து உடைத்த ஒரு பெரிய மனிதர் எங்கள் பங்கில் உண்டு. வரிசையில் முதல் ஆள் அவர்தான். கட்டுப்போட்ட கையோடு அந்த அம்மாள் பின்னால் நிற்பாள். அவர்கள் திருச்சபைச் சட்டப்படி கணவன் மனைவி அல்லவா!

சித்தப்பா அவளை மொபெட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை எதிர்த்த டீக்கடையில் காத்திருப்பார். அவள் வெறும் வயிற்றோடுதான் வருவாள். நன்மை வாங்குகிறவர்கள் அதற்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. வாங்காதவளுக்கு அந்தக் கட்டுப்பாடு எதற்கு?

"ஏண்டி இப்படி வயித்தக் காயப்போடுற? ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு வந்தா என்ன?" என்று அம்மா கேட்டே விட்டாள்.

"ஒருவேள இன்னைக்குக் கூப்ட்டுட்டாங்கன்னா?" என்றாள் சித்தி.

யாரும் கூப்பிடவில்லை. தலை நரைத்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவள் அப்படித்தான் வந்துகொண்டிருந்தாள்.

போன வருடம் சித்தப்பா மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்ததும் அம்மா பங்குச் சாமியாரைப் பார்த்துவிட்டு வந்தாள். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்தவள் மாதிரி முகம் மலர்ந்திருந்தது.

"இனிமே தடை ஒண்ணும் இல்லையாம்டி. பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு நீயும் நன்மை வாங்கிக்கலாமாம். இம்புட்டு வருசம் கழிச்சு ஆண்டவர் கண்ணத் தொறந்துட்டாரு."

"என்ன பாவத்தக்கா சொல்லச் சொல்ற?" என்றாள் சித்தி.

ஒரு நல்ல மனிதர் செத்துப்போனதற்குத் தடை நீங்கியது என்று பெயர் வைத்தவர்களை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அம்மா விடவில்லை. பாவசங்கீர்த்தனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சாமியாரிடம் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தாள். அத்தனை வருடம் வளையாத சட்டம் சுலபமாக வளைந்தது. அந்த ஞாயிறு சித்தியை முன் பெஞ்சில் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். நடக்க முடியாத வயதானவர்களுக்காகச் சாமியாரே அங்கே இறங்கி வந்து கொடுப்பார். இளவயதுக்காரர், நல்லவர்தான். சிரித்தபடி வந்து, முதலில் சித்திக்கு நேராக அப்பத்தை உயர்த்தினார். அவள் கையை நீட்டவில்லை.

"வேணாம் சாமி," என்றாள். எனக்குக் கேட்கும் அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னாள். "அவரு இருக்கையில தந்திருந்தா ஓடி வந்து வாங்கியிருப்பேன். அவரு செத்ததுக்குத் தர்றத நான் எப்படி முழுங்குவேன்?"

சாமியாரின் சிரிப்பு நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல், விரலில் பிடித்திருந்த அதே அப்பத்தை அடுத்து இருந்த அம்மாவிடம் நீட்டினார். அம்மா ஆமென் சொல்லி வாங்கிக்கொண்டாள்.