கறுப்புப் பட்டைக்குள் ஆடிய எழுத்துகள்

எங்கள் அச்சகத்துப் போர்மேன் அண்ணாச்சி செதுக்கிய ‘கு’வை இன்னும் நான் மறக்கவில்லை. அருவியில் தலை கொடுத்தவன் இடுப்பை வளைத்து நிற்பதுபோல் அதன் வால் நெளிந்திருக்கும். ‘ம’வுக்குத் தொந்தி. ஓர் எழுத்து குனிந்தால் அடுத்தது எக்கிப் பார்க்கும். தென்காசியில் நான் அச்சுக்கோத்த அந்தச் சின்ன அச்சகத்தில் நோட்டீஸ் தலைப்புக்கென்று இருந்த பெரிய எழுத்துகள் ஒரே மாதிரி விறைப்பானவை. அவை சரிப்படாமல் அண்ணாச்சி மஞ்சணத்தி மரக்கட்டையில் தாமே வரைந்து, இடவலம் மாற்றிச் செதுக்கிக்கொண்டார். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் சர்பத் கடை, ராட்டினம், நாடகம் எல்லாவற்றுக்கும் அந்த எழுத்தைத்தான் கேட்பார்கள். முதலாளிக்கு மட்டும் பிடிக்காது. “எழுத்தா வே இது? கள்ளுக் குடிச்ச மாதிரில்லா நிக்கு” என்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆனி மாதம், எங்கள் ஊர் நாடக பபூன் இறந்துபோனார். அவர் பேர் வந்த நோட்டீஸ் எல்லாம் அண்ணாச்சியின் எழுத்தில் வந்தவை. பதினாறாம் நாள் காரியத்துக்கு நோட்டீஸ் அடிக்க அவர் மனைவியும் தம்பியும் வந்தார்கள். தம்பி விறைப்பான எழுத்தைக் காட்டினார். அந்த அம்மா மரக்கட்டைகளைக் காட்டினார்.

“மதினி, ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். சிரிக்க வச்சுத்தான எனக்குச் சோறு போட்டாக. செத்த பொறவு அவுகள எதுக்கு அதிகாரி மாதிரி நிறுத்தணுங்கிய?”

கருமாதி நோட்டீஸில் கூத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதலாளி சாப்பிடப் போனார். அண்ணாச்சி வழக்கம்போல் நாலு பக்கமும் கறுப்புப் பட்டை கட்டினார். அதற்குள் தம்முடைய கட்டைகளை அடுக்கினார். “கீழ உள்ள வரிய நீ கோத்துரு” என்றார் என்னிடம். எனக்கு யாரையும் எதிர்த்துப் பேச வராது. முதலாளியை மீறவும் பயம். தேதியை இரண்டு தடவை தப்பாகக் கோத்து, மூன்றாவது தடவை சரியாக வைத்தேன்.

முதலாளி திரும்பியபோது மை காயாத நோட்டீஸ்கள் கயிற்றில் தொங்கின.

“யாரக் கேட்டு வே அடிச்சீரு?”

“அந்தம்மாவக் கேட்டு. அவுக புருசன் பேருல்லா அது.”

அன்று சாயங்காலமே அண்ணாச்சி கட்டைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வேலையை விட்டுப் போனார். அதற்குப் பிறகு சமாதானம் பேசக்கூட அவர் அச்சகத்துப் பக்கம் வரவே இல்லை.

மறுநாள் குற்றாலத்தில் பஸ் நிற்கும் இடத்தில், ஈரத் துண்டோடு நின்ற நாலைந்து பேர் சுவரில் ஒட்டியிருந்த அந்த நோட்டீஸைப் பார்த்துச் சிரித்தார்கள். கறுப்புப் பட்டை கண்ணில் பட்டதும் அடங்கினார்கள். பபூனின் தம்பி அதைக் கிழிக்கக் கை வைத்தார். சோடாக் கடைக்காரர் உள்ளேயிருந்து கத்தினார்: “ஏலே, கைய எடு! செத்தும் சிரிக்க வச்சிருக்கான்லே ஒங்க அண்ணன்.” தம்பி கையை எடுத்துவிட்டு, அண்ணன் பேரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது நான் வேறோர் அச்சகத்தில் இருக்கிறேன். சாவுக்கு இந்த எழுத்து, கல்யாணத்துக்கு இந்த எழுத்து என்று இங்கே முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. யாராவது கருமாதி நோட்டீஸுக்கு வந்தால், எவ்வளவு கூச்சமாக இருந்தாலும், செத்தவர் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்பேன். முறைப்பார்கள். பதில் வரும்வரை நான் ஓர் எழுத்தையும் கையில் எடுப்பதில்லை.