சுண்டுவிரலில் சூடு

வயிற்றில் பிள்ளை தலைகீழாக இருப்பதுதான் ஒழுங்காம். என் தம்பி மட்டும் மகாராஜா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். இப்படியே இருந்தால் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று நர்சம்மா சொன்னதும், தினமும் கூடை மீனை அறுக்கிற அம்மா அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டாள்.

சதுரங்கப்பட்டினம் கரைக்கு மீன் வாங்க ஒரு டாக்டரம்மா வருவார். ஊசி குத்துகிற சீன வைத்தியமும் படித்தவர். அவர் அம்மாவின் கால் சுண்டுவிரலில், நகத்தின் வெளி ஓரத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இங்க சூடு காட்டினா சில குழந்தை திரும்பும். எல்லாருக்கும் திரும்பாது, பார்ப்போம். தலைவலி, மூக்கடைப்புக்கும் இங்கதான் ஊசி குத்துவோம்.”

“தலவலிக்குக் கால்ல ஊசியா? கால் வலிச்சா மண்டைல குத்துவீங்களா?” என்றார் நைனா. எங்கள் அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“அதுக்கும் எடம் இருக்குங்க” என்று சிரித்த டாக்டரம்மா, காய்ந்த மூலிகையைச் சுருட்டு மாதிரி உருட்டி நைனா கையிலேயே கொடுத்துவிட்டார். “அவங்களால குனிய முடியாது. நீங்கதான் தினமும் இதக் கொளுத்திக் காட்டணும். தோல்ல படக்கூடாது.”

அன்று சாயங்காலம் நைனா அம்மாவின் காலடியில் உட்கார்ந்தார். ஊரே எட்டிப் பார்த்தது. அதட்டினால் நாய்கூட ஓடும், அப்படிப்பட்ட நைனா!

“இன்னா அண்ணாத்த, கடைசில அண்ணி கால்ல வுழுந்துட்டியா?” என்றாள் அத்தை.

“போ மே! சுருட்டு கையில கீது, ஒரு இழுப்பு இழுக்க முடியல. நானே பேஜாருல கீறேன்.”

ஒருநாள் சாயங்காலம் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அம்மாவின் வயிறு ஒரு பக்கமாக மேடு தட்டியது. பெரிய மீன் வலைக்குள் புரளுகிற மாதிரி அந்த மேடு மெல்ல மறுபக்கம் உருண்டு போய் அடங்கியது. கால் விரலில் காட்டிய சூடு, வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது?

நைனா எதையும் பார்க்கவில்லை. கங்கு பட்டுவிடுமோ என்று விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் தன் கையில் விழுந்ததைக்கூட உதறவில்லை. நான் கத்த வாயைத் திறந்தேன். அம்மா உதட்டில் விரலை வைத்து, சொல்லாதே என்று கண்ணைக் காட்டினாள்.

“திரும்பிச்சா மே?” என்றார் நைனா.

“எங்கய்யா... இன்னும் கொஞ்சம் காட்டு.”

டாக்டரம்மா வந்து, தலை கீழே வந்துவிட்டது என்று சொல்லும்வரை, சாயங்காலமானால் அம்மா காலை நீட்டினாள், நைனா வந்து உட்கார்ந்தார். கத்தியே படாமல் தம்பியும் பிறந்தான்.

பிள்ளைதான் திரும்பிவிட்டதே, அப்புறமும் அம்மாவுக்கு எதற்கு அந்தச் சூடு என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை.